சேந்தன் அமுதனை எங்க விட்டீங்க மணி சார்?

மணிரத்னம் சாருக்கும், கூட உக்காந்து திரைக்கதை எழுதின ஜெயமோகன், குமரவேல் ரெண்டு பேருக்கும், பொன்னியின் செல்வன் படக்குழுவுல இருக்கற எல்லாருக்கும், காட்டுமன்னார்கோயில்லேருந்து ஒருத்தி எழுதிக்கறது.

நேத்து ஆடிப்பெருக்கு. வீராணம் ஏரிக்கரையில சோத்து மூட்டையைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்ப தான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு. பொன்னியின் செல்வன் 2 வந்து மூணு மாசத்துக்கு மேல ஆச்சு, 2023 ஏப்ரல் 28 ரிலீஸ், முதல் வாரமே பார்த்தாச்சு. பார்த்த அன்னிக்கே எழுதியிருந்தா பாதி லெட்டர் திட்டாவும் பாதி அழுகையாவும் இருந்திருக்கும், அதனால தான் ஆறப் போட்டேன். ஆறினப்புறமும் திட்டு கொஞ்சம் மிச்சம் இருக்கு. கோச்சுக்காம படிங்க. இன்னொண்ணு, புக்கு படிக்காதவங்க யாராச்சும் இதைப் படிச்சா இங்கயே நிறுத்திடுங்க, கல்கி நாலு பாகத்துக்கு மூடி மூடி வச்ச விஷயத்தை நான் கீழ போட்டு உடைக்கப் போறேன்.

எங்க ஊரைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன், அப்பத்தான் நான் ஏன் இவ்ளோ உரிமையா பேசறேன்னு புரியும். கதை ஆரம்பிக்கறதே எங்க ஏரிக்கரையில தான். ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றான், ஜனங்க சித்திரான்னம் கொண்டாந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, வீரநாராயண ஏரியோட எழுபத்து நாலு கணவாய் வழியா தண்ணி பாயுது. அந்த ஏரி தான் இன்னிக்கு வீராணம், மெட்ராஸ்காரங்க குடிக்கிற தண்ணி. கடம்பூர் எங்களுக்குப் பக்கத்துல தான், டவுன் பஸ்ஸுல போற ஊரு. அதைவிட முக்கியம், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ன துரோகிங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேரு வெட்டி, அவங்க சொத்தை என்ன பண்ணணும்னு ராஜராஜனோட ரெண்டாவது வருஷத்துல உத்தரவு போட்டது அந்தக் கல்வெட்டுல தான் இருக்கு. பிரதோஷத்துக்கு நாங்க பிரகாரம் சுத்தற கோயில் அது. ஆயிரம் வருஷத்து கேஸு ஃபைல் எங்க ஊர் கோயில் சுவத்துல இருக்கு, இதுக்கு மேல என்ன பெருமை வேணும். (நீங்க ஓர்ச்சா, மகேஷ்வர், தாய்லாந்துன்னு எங்கெங்கயோ போய் எடுத்தீங்க, எங்க ஊர்ப்பக்கம் ஒரு கேமரா வந்ததா நான் கேள்விப்படல. இருக்கட்டும். இன்னிக்கு பழையாறை போய்ப் பார்த்தா அரண்மனை எங்க இருக்கு, வயலும் வாழையும் தான இருக்கு.)

எனக்கு இந்தக் கதையைக் குடுத்தது என் பெரிம்மா. கல்கி பத்திரிகையில திரும்பத் தொடரா வந்தப்ப வாராவாரம் கிழிச்சு எடுத்து, சேர்த்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு பண்ணி வச்சிருந்தாங்க. அஞ்சு பாகத்துல நாலாம் பாகம் மட்டும் இரவல் போயி திரும்பவே இல்ல, வாங்கிட்டுப் போனவங்களை இன்னிக்கும் கல்யாண வீட்டுல பார்த்தா பெரிம்மா பேசமாட்டாங்க. அதனால நான் பத்தாவது லீவுல மூணாம் பாகம் முடிச்சிட்டு நேரா அஞ்சாம் பாகத்துக்குப் போனவ. நாட்டுடைமை ஆனப்புறம் ஆளாளுக்கு மலிவு விலையில போட்டாங்க பாருங்க, அப்பத்தான் மணிமகுடம் தனியா வாங்கி, முடிவு தெரிஞ்சுக்கிட்டே நடுவுல படிச்சேன். எங்க வீட்டுக்கு இந்தக் கதை எப்பவுமே கொஞ்சம் ஓட்டையாத்தான் இருந்திருக்கு, அதனால நீங்க ஓட்டை போட்டதுக்காக மட்டும் நான் கோவப்படல.

கஷ்டம் புரியுது சார். 1950 அக்டோபர்லேருந்து 1954 மே வரைக்கும் மூணரை வருஷம் வாராவாரம் எழுதின கதை. நீங்க ரெண்டு படம் சேர்த்து அஞ்சரை மணி நேரத்துல சொல்லணும். எம்ஜிஆர் 58லயே ஆசைப்பட்டு நடக்கல, கமல் முயற்சி பண்ணி நடக்கல, நீங்களே நடுவுல ஒரு தடவை ஆரம்பிச்சு பட்ஜெட் உதைக்குதுன்னு விட்டீங்க. கடைசியில எடுத்துக் காட்டிட்டீங்க. அதுக்காக மட்டுமே ஒரு கும்பிடு போடலாம். எங்க பெரிம்மா உயிரோட இருக்கும்போதே குந்தவை ஸ்கிரீன்ல நடந்து வந்துட்டா.

அவங்களுக்கு எழுபத்து நாலு வயசு, முட்டி வலி. சிதம்பரத்துக்கு பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போனேன், கூட என் அக்கா பொண்ணு, ப்ளஸ் டூ போகப்போறவ, புக்கு பக்கம் தலை வச்சுப் படுக்காதவ, முதல் பாகம் பார்த்துட்டு கார்த்தி ஃபேன் ஆனவ. நடுவுல நான். இடது பக்கம் ஒருத்தங்க "இது இப்டி இல்லியே" "இது இப்டி இல்லியே"ன்னு முணுமுணுக்க, வலது பக்கம் ஒருத்தி "இது யாரு சித்தி" "அது யாரு சித்தி"ன்னு கேக்க, ரெண்டே முக்கால் மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத் தான் தெரியும்.

நல்லதை மொதல்ல சொல்றேன். அந்த ஆரம்பம். சின்ன வயசு கரிகாலனும் சின்ன வயசு நந்தினியும். கல்கி இதை அங்கங்க நினைவா, யாராச்சும் யார்கிட்டயாச்சும் சொல்ற கதையா தூவி வச்சிருப்பாரு. நீங்க அதை அள்ளி எடுத்து படத்தோட வாசல்லயே வச்சீங்க. அதனால கடம்பூர்ல அந்த ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நிக்கறப்ப, எனக்கு விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் தெரியல, ஆத்தங்கரையில பார்த்த அந்த ரெண்டு பசங்க தான் தெரிஞ்சாங்க. விக்ரம் அந்த சீன்ல பண்ணினது நடிப்பா என்னன்னு சொல்லத் தெரியல. சாவு வரும்னு தெரிஞ்சே நடந்து வந்து, அதுக்கு ஏன் இவ்ளோ நேரம்னு கேக்கற மாதிரி ஒரு மூஞ்சி. ஐஸ்வர்யா ராய் கண்ணுக்கு தீபா வெங்கட் குரல் அப்டி ஒட்டிக்கிச்சு. தியேட்டர்ல ஒருத்தர் போன் எடுத்துப் பார்க்கல, எங்க ஊர்ப்பக்கம் அது பெரிய விஷயம்.

அதுலயும் நீங்க கதையை மாத்தியிருக்கீங்க. கல்கி அந்த ரூம்ல விளக்கை அணைச்சிடுவாரு. இருட்டு. யாரு குத்தினா, யாரு எறிஞ்சா, கடைசி வரைக்கும் அவர் நேரா சொல்லவே மாட்டாரு, நான்தான் நான்தான்னு பழிய ஏத்துக்க ஆள் வரும், ஆனா நமக்கு நிச்சயம் வராது. நீங்க விளக்கை எரியவிட்டு, கரிகாலனே தேடிப் போய் வாங்கிக்கிட்ட சாவா காட்டிட்டீங்க. கல்வெட்டு இருக்கற ஊர்க்காரின்னு நான் இதுக்குத் தான் குதிக்கணும். குதிக்கல. ஏன்னா அந்த ஆளு முதல் பாகத்துலேருந்தே செத்துக்கிட்டு தான இருக்கான். கல்கியோட கரிகாலனும் அப்டித்தான். அதனால அந்த மாத்தம் கதைக்குள்ளேருந்து வந்த மாத்தம், வலிக்கல.

அப்புறம் அந்தக் கண்ணு கட்டின சீன். குந்தவை முன்னாடி வந்தியத்தேவனைக் கொண்டாந்து நிறுத்தறது, பின்னாடி அகநக பாட்டு. எங்க வீட்டு கார்த்தி ஃபேன் என் கையைப் பிடிச்சு நசுக்கிட்டா. பெரிம்மா மெதுவா சொன்னாங்க, "புக்குல கூட இவ்ளோ நேரம் பேசிக்கவிட மாட்டாருடி இவங்களை". பாராட்டு தான் அது. பெரிம்மா வாயிலேருந்து பாராட்டு வாங்கறது தேசிய விருதைவிட கஷ்டம், எழுதி வச்சுக்கங்க.

சரி, இப்போ வயித்தெரிச்சல்.

மணிமேகலை இல்ல. கடம்பூர் சம்புவரையர் பொண்ணு, எங்க ஊர்ப்பக்கத்துப் பொண்ணு. அந்த அஞ்சு பாகமும் அவ செத்துப் போறதுல தான் முடியுது சார். கடைசி அத்தியாயத்துக்கு கல்கி வச்ச பேரு "மலர் உதிர்ந்தது". அவ்ளோ பெரிய சாம்ராஜ்யக் கதையை எழுதிட்டு, பட்டாபிஷேகத்துல முடிக்காம, யாருக்கும் வேண்டாத ஒரு பொண்ணு, தன்னை நினைக்காத ஒருத்தன் மடியில உயிரை விடற இடத்துல முடிச்சாரு மனுஷன். நீங்க அவளைக் கடம்பூர் மாடத்துலயே காட்டல. நேரம் இல்ல, காதல் கதை ஏற்கனவே மூணு ஓடுது, நாலாவது எதுக்குன்னு ஸ்கிரிப்ட் டேபிள்ல யாராச்சும் சொல்லியிருப்பீங்க. நியாயம் தான். எனக்கும் அறிவுக்குப் புரியுது, மனசு தான் மாட்டேங்குது.

வானதிய விட்டுட்டேன். வானதிய நீங்களும் விட்டுட்டீங்க. போகட்டும், அவ மயக்கம் போட்டு விழுந்துட்டான்னு வச்சுக்கறோம்.

ஆனா சேந்தன் அமுதன்.

அமுதனா நீங்க அஷ்வினைப் போட்டிருக்கீங்கன்னு நியூஸ் வந்தப்ப நாங்க என்ன நினைச்சோம் தெரியுமா, ஆஹா, தெரிஞ்ச மூஞ்சியா போட்டிருக்காரு, அப்போ ரெண்டாம் பாகத்துல பெரிய வெடி இருக்குன்னு. முதல் பாகம் பூரா காத்திருந்தோம், ரெண்டாம் பாகத்துல இப்போ வரும் இப்போ வரும்னு பார்த்தோம். கடைசியில மதுராந்தகனா நடிச்ச ரகுமான் தலையில கிரீடம் ஏறிடுச்சு. டைட்டில் ஓட ஆரம்பிச்சு, லைட்டு போட்டு, என் அக்கா பொண்ணு பாத்ரூமுக்கு ஓடினப்புறம் பெரிம்மா திரும்பி என்னைக் கேட்டாங்க. "அப்போ நம்ம அமுதன் பூக்கட்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதானா?"

இந்த ஒரு கேள்விக்காகத் தான் இந்த லெட்டர்.

அந்தப் பையனைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனாலும் சொல்லணும் போல இருக்கு. தஞ்சாவூர்ல தளிக்குளத்தார் கோயிலுக்கு நந்தவனத்துல பூப்பறிச்சு மாலை கட்டிக் குடுக்கற பையன். அம்மா வாணி அம்மைக்குப் பேச வராது, காது கேக்காது. வந்தியத்தேவன் போற போக்குல அவன் குடிசையில படுத்துக்குவான், அவனுக்காக இவன் ஜெயிலுக்குப் போவான். பூங்குழலி மேல உசிரு, அவளோ ராணி ஆகணும் அரண்மனையில இருக்கணும்னு பேசிக்கிட்டு இருப்பா. மத்தவங்க எல்லாம் குதிரையில போறப்ப இவன் நடந்து போவான், குதிரை ஏறினாலும் விழுந்துடுவான். படிக்கற நாமளும் அவனைத் தள்ளிட்டு தான் போவோம், அடுத்து நந்தினி எப்போ வருவான்னு பக்கத்தைப் புரட்டுவோம். அப்டி நம்மள அலட்சியமா நடக்கவிட்டு, அஞ்சாம் பாகத்துக் கடைசியில, மதுராந்தகனைத் தன் பிள்ளையா வளர்த்த ராணி செம்பியன் மாதேவி பெத்த நிஜப் பிள்ளை இவன்தான், பொறந்தப்ப செத்துட்டான்னு நினைச்சு புதைக்கக் குடுத்த குழந்தை இவன்தான்னு போட்டு, முடிசூட்டு மண்டபத்துல அருள்மொழி தன் தலைக்கு வந்த கிரீடத்தைக் கொண்டுபோய் அவன் தலையில வைப்பான் பாருங்க. எனக்கு அப்போ பதினாறு வயசு. நடு ராத்திரி. புக்கை மூடி நெஞ்சு மேல வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தேன். வாணி அம்மை பொத்திப் பொத்தி வளர்த்தது, அமுதன் அத்தனை வருஷம் பூப்பறிச்சது, நான் அவனைக் கவனிக்காம புரட்டின பக்கமெல்லாம் எனக்கு எதிரா சாட்சி சொல்ற மாதிரி இருந்துச்சு.

ஹிஸ்டரில இப்டி இல்லன்னு சொல்வீங்க. தெரியும் சார், குழந்தை மாத்தினது கல்கியோட கற்பனை. திருவாலங்காட்டுச் செப்பேட்டுல, ஜனங்க கூப்பிட்டும், சித்தப்பா மதுராந்தகனுக்கு அந்த ராஜ்யம் மேல ஆசை இருக்கற வரைக்கும் எனக்கு வேணாம்னு அருள்மொழி ஒதுங்கினதாத் தான் இருக்கு. அப்டிப் பார்த்தா உங்க படம் செப்பேட்டுக்குக் கிட்ட இருக்கு, கல்கி தூரமா இருக்காரு. ஒத்துக்கறேன், வக்கீல் மாதிரி இதை ஒளிச்சு வச்சு வாதாட விரும்பல.

ஆனா கதையா என்ன ஆச்சுன்னு பாருங்க. கல்கியோட முடிவுல, சிம்மாசனம் வேணாங்கற ரெண்டு பேர் எதிரெதிர நிக்கறாங்க. ஊரு பூரா கேக்குற அருள்மொழிக்கும் வேணாம், பாத்தியதை இருக்கற அமுதனுக்கும் வேணாம். கிரீடத்தை ஒருத்தர் இன்னொருத்தர் மேல தள்ற மாதிரி ஒரு அழகு அது. உங்க படத்துல, ஆசைப்பட்டு, பழுவேட்டரையர்களோட சேர்ந்து ராத்திரி பல்லக்குல சுத்தின ஆளுக்கே அது போகுது. பெரிம்மா பஸ்ஸுல சொன்னாங்க, "கேட்டவனுக்குக் குடுத்தா அது தானம்டி, தியாகம் எங்கேருந்து வந்துச்சு". நான் உங்க பக்கம் பேசினேன், நம்புங்க. எதிரிக்கே விட்டுக் குடுக்கறது தான பெரிய மனசுன்னு சொன்னேன். "பெரிய மனசு தான், ஆனா எனக்கு அழுகை வரலியே"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. உங்ககிட்ட இருந்தா சொல்லி அனுப்புங்க.

இதுல இன்னொரு குறை, அதுவும் அமுதனோட சேர்ந்தது தான். அஞ்சாம் பாகத்துல தஞ்சாவூரைச் சுத்தி அருள்மொழி பக்கத்து கொடும்பாளூர் படை நிக்கும். உள்ள பழுவேட்டரையர் ஆளுங்க. இப்போ வெட்டிக்குவாங்க, இப்போ வெட்டிக்குவாங்கன்னு வாரக்கணக்குல நகம் கடிக்க வச்சுட்டு, வெட்டிக்காமயே முடிச்சிடுவாரு. நடக்காத ஒரு சண்டை தான் அந்தப் புக்கோட கிளைமாக்ஸ். நீங்க ராஷ்டிரகூடர்களைக் கூட்டிக்கிட்டு வந்து நிஜமாவே ஒரு போர் வச்சுட்டீங்க. ரவிவர்மன் கேமராவுல நல்லாத்தான் இருந்துச்சு, புழுதியும் குதிரையும். ஆனா அந்தப் புழுதிக்கு ஆன நேரத்துல பாதி இருந்திருந்தா அந்த நந்தவனத்தைக் காட்டியிருக்கலாமேன்னு தான் எனக்கு. வாணி அம்மையோட ஒரு க்ளோசப், போதும், மிச்சத்தை மியூசிக்ல ஏ.ஆர். ரஹ்மான் பார்த்துக்கிட்டிருப்பாரு.

இப்டி எழுதறப்பவே எனக்கு ஒண்ணு ஞாபகம் வருது, சிரிப்பும் வருது. 1954ல தொடர் முடிஞ்சப்ப ஜனங்க கல்கியையே விடல. திடீர்னு முடிச்சிட்டீங்க, அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சா, இவங்க என்ன ஆனாங்கன்னு எழுதிக் குவிச்சிருக்காங்க, அவர் தனியா ஒரு முடிவுரை போட்டு ஒவ்வொண்ணுக்கா பதில் சொன்னாரு. அந்த வருஷம் டிசம்பர்லயே அவர் போய்ட்டாரு. ஆக இந்தக் கதையோட முடிவைப் பார்த்து மூக்கு சுளிச்சு லெட்டர் போடறது எங்களுக்குப் பரம்பரைத் தொழில், எங்க தாத்தா காலத்து ஆளுங்க அவருக்கே போட்டாங்க, நாங்க உங்களுக்குப் போடறோம். எனக்கு என்ன ஆசைன்னா, நீங்களும் ஒரு முடிவுரை போடணும். படமா வேணாம். எடுத்து வெட்டிப் போட்ட அமுதன் சீன் ஏதாச்சும் இருந்தா அதைப் போடுங்க, இல்லன்னா உக்காந்து பேசுங்க, அந்தப் பையனை விடணும்னு எந்த ராத்திரி முடிவு பண்ணீங்க, மூணு பேருல யாரு மொதல்ல சொன்னது, யாருக்காச்சும் மனசு கேக்கலியா. அது தெரிஞ்சா போதும், நாங்க சமாதானம் ஆயிடுவோம். ஆகமாட்டோம், ஆனாலும் சொல்லுங்க.

கடைசியா ஒண்ணு, இதைச் சொல்லத் தான் நேத்து ஏரிக்கரையில பேனா தேடினேன்.

படம் பார்த்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி என் அக்கா பொண்ணு பெரிம்மா பக்கத்துல போய் உக்காந்தா. "பாட்டி, நீங்க தியேட்டர்ல இது இல்லியே இது இல்லியேன்னு சொன்னீங்களே, வேற என்னல்லாம் இல்ல?" பெரிம்மா பரண்லேருந்து பைண்டை இறக்கச் சொன்னாங்க. இறக்கினேன். பேப்பர் பழுத்து, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி உடையுது. புக்கு பக்கம் தலை வச்சுப் படுக்காதவ அன்னிக்கு ஆரம்பிச்சவ தான், இப்போ மூணாம் பாகத்துல இருக்கா. நாலாம் பாகத்துக்கு நான் வாங்கின மலிவுப் பதிப்பு ரெடியா இருக்கு, இந்தத் தடவை வரிசையா படிக்கணும்னு கண்டிப்பா சொல்லியிருக்கேன்.

நேத்து எங்களோட ஏரிக்கரைக்கு வந்தா, மடியில மூணாம் பாகம், கொலைவாள். தேங்கா சாதத்தை சாப்பிடாம வச்சுட்டு தலையைத் தூக்கிக் கேட்டா. "சித்தி, இந்த சேந்தன் அமுதன் படத்துல சும்மா ஓரமா வந்துட்டுப் போனான். புக்குலயும் பூவும் தேவாரமுமா தான் சுத்தறான். இவனுக்கு எதுக்கு இத்தனை பக்கம் எழுதறாரு?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. படத்தை ரெண்டு பாகமும் பார்த்து முடிச்ச பொண்ணுக்கு, அந்த ஒரு விஷயம் இன்னும் தெரியாது. நீங்க சொல்லல.

நான் பெரிம்மாவைப் பார்த்தேன். பெரிம்மா தண்ணியைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் இன்னொரு கரண்டி புளியோதரையை எடுத்து அவ தட்டுல வச்சாங்க.

"அந்தாளுக்கு வேற வேலை இல்ல. நீ பாட்டுக்குப் படி."

இப்படிக்கு,
காட்டுமன்னார்கோயில்லேருந்து ஒரு வாசகி